பூசிய பிறகு சுட்ட நட்சத்திரங்கள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் இதைப் பிள்ளைகளுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. இதில் தப்பு செய்தது அப்பா. அப்பா செய்த தப்பை அப்பாவே சொல்லிக் கேட்பது பிள்ளைகளுக்கு அடிக்கடி கிடைக்காது. அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பீரோ, ஜன்னல் கம்பி, கட்டில் கால் மாதிரியான இரும்புச் சாமான்களுக்கு நிறம் ஏற்றும் இடம் அது. நாங்கள் பிரஷ் வைத்துப் பெயின்ட் அடிப்பதில்லை. மாவு போல நைசாக ஒரு பவுடர் வரும். சாமானைக் கழுவிக் காயவைத்து, கொக்கியில் மாட்டி, அந்தப் பவுடரை ஒரு துப்பாக்கியால் அதன்மேல் அடிப்போம். பிறகு பெரிய ஓவனுக்குள் தள்ளுவோம். உள்ளே சூட்டில் பவுடர் உருகி, இரும்போடு ஒட்டி, வெளியே வரும்போது பளபளவென்று இருக்கும். நகத்தால் சுரண்டினாலும் வராது. அந்த ஓவன் வாசலில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறேன். முதலில் பூச்சு, அப்புறம் சூடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வம்பெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

டிசம்பர் மாதம் வந்தால் எங்கள் மாதா கோயில் பிள்ளைகள் கேரல் பாட வருவார்கள். சாயங்காலத்தில் ஒரு தெரு, மறுநாள் இன்னொரு தெரு. ஒரு பையன் ட்ரம் அடிப்பான். ஒருத்தன் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி போட்டு ஆடுவான். பாடி முடித்ததும் அந்த வீட்டுக்காரர்கள் ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் கேசரி, ஒரு வீட்டில் பஜ்ஜி, வசதியான வீட்டில் கேக். போன வருஷம் எங்கள் தெரு என்றைக்கு என்பதையே நான் மறந்துவிட்டேன். வாசலில் பாட்டு கேட்டதும் கடைக்கு ஓடி, டீக்கு நனைத்துத் தின்கிற பிஸ்கட் நாலு பாக்கெட் வாங்கி வந்து பிரித்துக் கொடுத்தேன். என் மகளும் அந்தக் குழுவில் பாடுகிறவள். அப்போது நாலாவது படித்தாள். ட்ரம் அடிக்கிற பையன் பிஸ்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாடி, உங்க வூட்ல டீக்கடை வெச்சிருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

இந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

"ப்பா, இந்த வருஷம் நம்ம வூட்ல குக்கீஸ். ஸ்டார் குக்கீஸ். மேல கலர் போட்டு, ஒவ்வொருத்தர் எழுத்தும் அதுல இருக்கணும்."

"யாரு செய்யறது?"

"நீதான். எங்கப்பா ஓவன்லதான் வேலை செய்யறாருன்னு சொல்லிட்டேன்."

"எத்தினி பேரு?"

"இருபத்திமூணு."

என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "சொல்லிட்டாளாம். அப்பன் பொண்ணுதான. வாய்லயே எல்லாத்தையும் செஞ்சி முடிச்சிடுவீங்க."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பன்னிரண்டு வருஷ வேலையைப் பற்றி வீட்டில் யாரும் பெருமையாகப் பேசியதில்லை. பேன்ட்டில் பவுடர் ஒட்டியிருக்கிறது, துவைத்தால் போகவில்லை என்பதுதான் வீட்டில் வரும் பேச்சு. அதனால் "செஞ்சிடலாம்" என்றேன்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. வில்லியனூரில் இருக்கும் என் மச்சினி ஒன்று வைத்திருந்தாள். டி.வி. பெட்டி அளவில் இருக்கும். இரண்டு தடவை கேக் போட்டுவிட்டு அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கேட்டதும் கொடுத்தாள். கொடுக்கும்போது, "மாமா, ட்ரேல மட்டும் கறை படக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். பழைய புடவையால் பைக்கின் பின்சீட்டில் கட்டி, பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நட்சத்திர அச்சு வாங்கலாம் என்றாள் மகள். நான் பால் பவுடர் டின்னைத் தகடாக வெட்டி, ஓரத்தை மடித்து, மூக்குக் குறடால் வளைத்து அச்சு செய்தேன். ஐந்து முனையில் ஒன்று நீளமாகப் போய்விட்டது. "வால் நட்சத்திரம்ப்பா, பரவால்ல" என்றாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

எங்கள் தெருவுக்குக் கேரல் வரும் நாள் சனிக்கிழமை. அன்றைக்கு எனக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு முடிந்து, மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மாவும் பெண்ணும் காலையிலேயே வெண்ணெய், சர்க்கரைப் பொடி, முட்டை, மைதா எல்லாம் சேர்த்துப் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். மகள் ஐசிங் சர்க்கரையில் எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து, சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று கிண்ணத்தில் வைத்திருந்தாள். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து, மருதாணி கோன் மாதிரி சுருட்டி, முனையை வெட்டியிருந்தாள். எழுதுவதற்கு அது. ஒரு தாளில் இருபத்து மூன்று பேரின் முதல் எழுத்தையும் எழுதி, பக்கத்தில் எந்த நிறம் என்றும் குறித்திருந்தாள். அதில் ஏழு பேருக்கு "ஜ". எங்கள் ஊர்க் கிறிஸ்தவப் பிள்ளைகளின் பெயரில் அந்த எழுத்துக்குப் பஞ்சமே கிடையாது.

மாவை உருட்டித் தேய்த்தேன். அவள் அச்சை வைத்து வெட்டினாள். ட்ரேயில் ஒன்பது நட்சத்திரம் பிடித்தது. அவள் ட்ரேயை ஓவனில் வைக்கப் போனாள்.

"இரு இரு. கலர் போடாம எங்க வைக்கிற?" என்றேன்.

"கலர் அப்புறம்ப்பா. சுட்டு, ஆறவெச்சி, அப்புறம்தான் போடணும்."

"யாரு சொன்னா?"

"எங்க மிஸ் காட்டுன வீடியோல அப்படித்தான் செஞ்சாங்க."

"வீடியோல ஆயிரம் காட்டுவான். ஆறிப்போன சாமான் மேல பூசுனா நிக்குமா? உரிஞ்சி வந்துடும். முன்னாடி பூசிட்டு உள்ள வுட்டாத்தான் சூட்டுல உருகிப் புடிக்கும். நான் தெனைக்கும் செய்யற வேலைடி இது."

"ப்பா, அது இரும்பு."

"எதுவா இருந்தா இன்னா? ஓவன் ஓவன்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோனை எடுத்து, நான் சொன்னபடியே சுடாத மாவின்மேல் நிறம் பூசி, எழுத்தும் எழுதினாள். நாக்கை உதட்டோரம் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒவ்வொரு "ஜ"வும் அழகாக வந்தது. பச்சைமேல் வெள்ளை எழுத்து, சிவப்புமேல் வெள்ளை எழுத்து. சுடாமல் அப்படியே கொடுத்துவிடலாம் போல இருந்தது.

நூற்று எண்பதில் வைத்தேன். எங்கள் ஓவனிலும் பெரும்பாலும் அந்தச் சூடுதான். கண்ணாடி வழியாக மூன்று பேரும் பார்த்தோம். நாலு நிமிஷத்தில் நிறம் அசைய ஆரம்பித்தது. "பாத்தியா, உருகுது. இப்பப் புடிக்கும் பாரு" என்றேன். ஆறு நிமிஷத்தில் கொப்புளம் விட்டது. எட்டு நிமிஷத்தில் பச்சை ஓரமாக வழிந்து ட்ரேயில் இறங்கி, அங்கே பாகாகக் கொதித்தது. வெளியே எடுத்தபோது பச்சை காக்கி நிறமாகவும், சிவப்பு செங்கல் நிறமாகவும் இருந்தன. "ஜ" எல்லாம் மண்புழு மாதிரி சுருண்டு கிடந்தது. கரண்டியால் நெம்பினால் பாதி பிஸ்கட் ட்ரேயோடு நின்றுகொண்டது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, பிஸ்கட்டுக்குத் துரு புடிச்சிடும்னு பவுடர் அடிச்சி சுட்டீங்களா?"

அந்தப் பேச்சுதான் எனக்குச் சுருக்கென்று ஏறியது. இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்தியிருப்பேன் என்று சொல்லலாம். அதுவும் உண்மையா என்று தெரியவில்லை. வேலையில் பூச்சு வழிந்தால் இரண்டு காரணம் சொல்வோம். ஒன்று, பூச்சு கனமாக விழுந்திருக்கும். இல்லை, சூடு அதிகம். என் மண்டைக்குள் அந்த இரண்டைத் தவிர மூன்றாவது காரணத்துக்கு இடமே இல்லை.

"கோட்டிங் தடிமனாப் போச்சி. மெலிசாப் பூசு. நான் சூட்டைக் கொறைக்கிறேன்" என்றேன்.

"ப்பா, அடுத்த ஒம்போதை மட்டும் கலர் இல்லாம சுட்டுப் பாக்கலாம்ப்பா. நல்லா வரலன்னா நீ சொன்ன மாதிரி செய்யலாம்."

எவ்வளவு நியாயமான பேச்சு பாருங்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பன்னெண்டு வருஷமா ஓவன்ல நிக்கிறது நீயா நானா?" என்று கேட்டேன்.

இரண்டாவது ஒன்பதையும் பூசினாள். இந்தத் தடவை நாக்கைக் கடிக்கவில்லை. வேகவேகமாக எழுதினாள். சூட்டைக் குறைத்து வைத்ததில் நிறம் கருகவில்லை. வயல் வெடிப்பு மாதிரி வெடித்து, செதில் செதிலாக எழும்பியது. கீழே மாவு வேகவே இல்லை. விரலால் தொட்டால் பள்ளம் விழுந்தது. பதினெட்டு நட்சத்திரம் போய்விட்டது. கிண்ணத்தில் நிறமும் காலி. மணி ஐந்தே முக்கால். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

அவள் மெதுவாகச் சொன்னாள். "நான்தான் சொன்னேன்ல."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான்தான் கத்தினேன். "பக்கத்துல நின்னுக்கினு தொணதொணன்னு பேசிக்கினே இருந்தா எப்படிடி வேலை உருப்படும்? உன்னை யாரு இருபத்திமூணு பேருக்கு வாக்கு குடுக்கச் சொன்னது?"

அவள் கையிலிருந்த கோனை அப்படியே கிண்ணத்தில் வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

என் மனைவி அந்தப் பதினெட்டையும் ஒரு தட்டில் வழித்துப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அவ வாக்கு குடுத்தது உங்கள நம்பித்தான்" என்று மட்டும் சொன்னாள். அதில் கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மழை வந்துவிடும் என்று பயந்து கேரல்காரர்கள் அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். தெருமுனையில் ட்ரம் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு முன்னால் மூன்று வீடு. மூன்று வீட்டுக்கு மூன்று பாட்டு. கதவைத் தட்டினேன்.

"பாப்பா, வந்துட்டாங்கடி."

மறுபடியும் தட்டினேன்.

"வெளிய வாயேன். நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்கிறேன்."

"இன்னா சொல்லுவ?" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முகமூடித் தாத்தா ஆடினார். எல்லாரும் பாடினார்கள். பாட்டில் உச்சத்துக்குப் போகிற இடம் என் மகள் பாடுவது. அந்த இடத்தில் பாட்டு கொஞ்சம் நொண்டியது. குழுவைக் கூட்டி வரும் காலேஜ் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பாப்பா எங்க மாமா? நேத்தெல்லாம் குக்கீஸ் குக்கீஸ்னு இருந்துது."

கரன்ட் போய்விட்டது, அதனால் செய்ய முடியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைவிட நல்ல பொய் எனக்குக் கிடைக்கவில்லை. அப்போதுதான் என் தலைக்கு நேர்மேலே கட்டியிருந்த காகித நட்சத்திரம் உள்ளே பல்பு எரிய ஜெகஜ்ஜோதியாகத் தொங்கியது கண்ணில் பட்டது. அதன் சிவப்பு வெளிச்சம் எல்லார் முகத்திலும் விழுந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"குக்கீஸ் கெட்டுப்போச்சிம்மா" என்றேன். "எப்படிச் செய்யணும்னு அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் கேக்கல. கேக்காம நானா செஞ்சி, ஒரு நாலஞ்சி வீணாப் போச்சி."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாலஞ்சி இல்ல. பதினெட்டு."

பிறகு முகமூடிக்குள்ளிருந்து தாத்தாதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். போன வருஷம் நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் போன வருஷம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

என் மனைவி எல்லாருக்கும் சுக்குக் காபி கொடுத்தாள். கூடவே அந்தப் பதினெட்டில் வெந்திருந்ததை உடைத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ட்ரம் பையன் முதல் துண்டை எடுத்து மென்றான்.

"கடல மிட்டாய் மாதிரி இருக்குது மாமா. கடலதான் இல்ல."

தாழ்ப்பாள் திறந்தது. என் மகள் வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவர்களைப் பார்த்து, "நாளைக்குக் கோயில்ல பூசை முடிஞ்சதும் குடில் கிட்ட நில்லுங்க. இருபத்திமூணும் கொண்டாருவேன்" என்றாள்.

எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை எட்டு மணிக்கு. ஐசிங் சர்க்கரை காலி. மறுபடியும் யாரையும் கேட்காமல் ஒரு வாக்கு. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும் மழையில் நனைந்துகொண்டே கடைக்குப் போனேன். சர்க்கரையும் வெண்ணெயும் வாங்கி வந்தேன். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"காலைல நீ ஓவனை மட்டும் பாத்துக்க. பூச்சைப் பத்திப் பேசக்கூடாது."

"சரி."

"ஒரு வார்த்தைகூட."

"சரிடி."

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தோம். ட்ரேயில் ஒட்டியிருந்த காக்கிக் கறையை வெந்நீர் ஊற்றி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். முழுசாகப் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. மச்சினி பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

என் மனைவி புதிதாகப் பிசைந்த மாவை மகள் வெட்டி வைத்தாள். நான் உள்ளே தள்ளினேன். எந்த நிறமும் இல்லாத வெறும் நட்சத்திரம் ஒன்பது. பன்னிரண்டு நிமிஷத்தில் ஓரம் மட்டும் பொன்னிறமாக, முனை கலையாமல் வெளியே வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. இவ்வளவு சுலபமான வேலைக்கா நேற்று அந்தப் பாடு பட்டோம் என்று. அவள் அதை ஆறவைத்து, டேபிள் ஃபேனுக்கு எதிரே வைத்து நிறம் பூசினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் கோனைச் சாய்த்துப் பிடித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. சொல்லவில்லை. வெள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டும் என்று தோன்றியது. அதையும் சொல்லவில்லை. நாக்கு அரித்தது.

மூன்றாவது ட்ரேயில் பின்வரிசையில் இருந்த ஒன்று கருக ஆரம்பித்தது. அந்த ஓவனுக்குப் பின்பக்கம் சூடு அதிகம் என்பது இரண்டாவது ட்ரேயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பேசக்கூடாது என்றாளே என்று உட்கார்ந்திருந்தேன். ஓவன் மணி அடித்து அவள் திறந்து பார்த்தபோது அதன் அடி கறுத்துவிட்டது.

"தீஞ்சி போச்சே. பாத்துக்கினு இருந்தியாப்பா?"

"பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீதான பேசக்கூடாதுன்ன."

"பூச்சைப் பத்திப் பேசக்கூடாதுன்னேன். ஓவன் உன் வேலைதான? அத்தச் சொல்லணும்ல?"

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனால் அவள் சொன்னது சரி. நேற்று வாயை மூடியிருக்க வேண்டிய இடத்தில் பேசினேன். இன்றைக்குப் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, அதையும் அவள் தலையில் கட்டப் பார்த்தேன்.

இன்னொன்று வெட்ட மாவு இல்லை. கருகியதன்மேல் வெள்ளையைத் தடிமனாகப் பூசி, சிவப்பில் "ஜ" எழுதினாள். அதற்குள் கோயில் மணி அடித்துவிட்டது. மழை ஈரத்தில் மேல்பூச்சு காயவில்லை. மூடினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் திறந்த தட்டை அவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடக்க, தூறலில் தட்டுக்கு மேலே குடையைப் பிடித்தபடி நான் பின்னாலேயே போனேன். குடை தட்டுக்கும் அவள் தலைக்கும் போதுமானதாக இருந்தது. என் முதுகுக்கு எட்டவில்லை. பூசை முழுக்க நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்ததும், கிறிஸ்துமஸுக்கு மாட்டுத் தொழுவம் போலக் கட்டியிருந்த குடிலுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு பேரும் வந்து நின்றார்கள். என்ன இருபத்திரண்டு என்கிறீர்களா? இருபத்து மூன்றாவது எழுத்து அவளுடையது. தாளைப் பார்க்காமலே ஒவ்வொருத்தர் கையிலும் அவரவர் எழுத்தை வைத்தாள். கருகியது ட்ரம் பையனுக்குப் போனது. அவன் எழுத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். பிறகு வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தான். அடி கன்னங்கரேலென்று இருந்தது.

அவன் அவளிடம் கேட்கவில்லை. என்னிடம் வந்தான்.

"மாமா, இது உங்க வேலையா?"

"அடிப்பக்கம் என் வேலை. மேல இருக்கறது அவ வேலை" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, மேல்பக்கத்தை மட்டும் பல்லால் சுரண்டித் தின்ன ஆரம்பித்தான். என் மகள் காதில் நான் சொன்னது விழுந்தது. அவள் என் பக்கம் திரும்பாமல், தட்டை அடுத்த பிள்ளைக்கு நீட்டினாள்.